தோட்டம் கைமாறினால் சேர்ந்த தேதியை விட்டுவிடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பாசாருக்குப் பக்கத்தில் நான் தினமும் டீ குடிக்கும் கடைக்கு மாதத்துக்கு ஒருவராவது தேடி வருகிறார்கள். "அங்கிள், எங்க தோட்டத்த வித்துட்டாங்களாம். காலைப் பெரட்டுல சொன்னாங்க. இனி எங்க கதி என்ன?" (பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணும் கூட்டம்.) நான் தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது ஆள் வருகையும் கூலியும் எழுதுபவனாக இருந்தவன். வழக்கறிஞன் இல்லை. ஆனால் கைமாறிய தோட்டங்களில் கணக்குப் புத்தகம் எழுதியிருக்கிறேன், என் அப்பா இதே விஷயத்தில் ஏமாந்ததையும் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செம்பனைத் தோட்டம், மில், டவுனில் இருக்கும் மளிகைக் கடை, ஒர்க்‌ஷாப், எதில் வேலை செய்தாலும் சட்டம் ஒன்றுதான்.

அப்பாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர். தோட்டம் புது முதலாளி கைக்குப் போனபோது, ஒரு சனிக்கிழமை பெரட்டுக் களத்தில் மேசை போட்டு எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். மலாய் மொழியில் இருந்தது. "புதுக் கார்டு போடணும், கையெழுத்து வைங்க" என்றார் எங்களை மேய்க்கும் மண்டோர். அப்பா வைத்தார். அது ராஜினாமாக் கடிதம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவர் புது ஆள். இரண்டு வருடம் கழித்து மரத்தை எல்லாம் சாய்த்து நிலத்தை வேறு வேலைக்கு எடுத்தபோது, 20 வருடத்துக்கு மேல் உழைத்தவருக்கு இரண்டு வருடக் கணக்கில் பணம் கொடுத்தார்கள். அந்த வயதில் அவருக்கு வாதாடத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

முதலில், கைமாறியது எது என்று பாருங்கள்

"தோட்டம் கைமாறிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் சொல்வோம். அதற்குள் நாலு விதம் இருக்கிறது. எது நடந்தது என்று தெரியாமல் பயப்படுவதும் வீண், தைரியமாக இருப்பதும் வீண்.

கம்பெனியின் பங்குகள் மட்டும் கைமாறியிருக்கலாம். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி தோட்டக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை நம் நாட்டின் அரசாங்க முதலீட்டு நிறுவனமான பிஎன்பி வாங்கியது. பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். மறுநாள் காலையிலும் கத்ரி தொழிலாளிக்கு கத்ரிதான் முதலாளி. மேலே உட்கார்ந்திருப்பவர் மாறினார், உங்களோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனி மாறவில்லை. இப்படி நடந்தால் உங்கள் வேலை, சர்வீஸ், லீவு எல்லாம் அப்படியே தொடரும். புதுக் கடிதத்தில் கையெழுத்து வாங்க அவர்களுக்குத் தேவையே இல்லை. கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

பெயர் மட்டும் மாறியிருக்கலாம். 2024இல் சைம் டார்பி பிளான்டேஷன் தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது போல. போர்டு புதுசு, முதலாளி பழசு.

வியாபாரமே விற்கப்பட்டிருக்கலாம். ஒரு கம்பெனி தன் தோட்டத்தையோ மில்லையோ இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. இதுதான் நமக்கு முக்கியமான விதம். உங்கள் முதலாளியே மாறுகிறார். முழுத் தோட்டம் என்றில்லை, ஒரு பகுதி போனாலும் இதே சட்டம்தான். உதாரணமாக, லாரிப் பிரிவை மட்டும் வெளியாள் ஒருவருக்கு விற்றுவிட்டால், அந்த லாரி டிரைவர்களுக்கு இந்தக் கட்டுரை முழுக்கப் பொருந்தும்.

கடைசியாக, வெறும் நிலம் மட்டும் வீடமைப்புக்காக விற்கப்பட்டிருக்கலாம். வேலையை எடுத்து நடத்த யாரும் வரப்போவதில்லை. அப்படியானால் ஆட்குறைப்புதான். கீழே வரும் கணக்கை நேராகப் படியுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். போன மாதச் சீட்டையும் இந்த மாதச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் மாறி எண் மாறாவிட்டால் அதே கம்பெனி. எண் மாறியிருந்தால் முதலாளி மாறிவிட்டார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கிலும் பணம் கட்டும் முதலாளியின் பெயர் தெரியும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் கொஞ்சம் காசு கட்டினால் எந்தக் கம்பெனியின் விவரத்தையும் எடுக்கலாம், பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஓரிரு வெள்ளிதான் (ரிங்கிட்) வரும்.

தாள்களை இப்போதே சேருங்கள்

கைமாறும் செய்தி காதில் விழுந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. கைமாறிய பிறகு ஆபீஸ் அலமாரி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பழைய செக்ரோல் புத்தகங்கள் மழையில் நனைந்து ஸ்டோருக்குப் பின்னால் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு எடுத்த கடிதம் இருந்தால் நல்லது. பழைய ஆட்களில் பலரிடம் இருக்காது, பரவாயில்லை. இபிஎஃப் ஆபீஸில் பழைய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், அதன் இணையக் கணக்கான ஐ-அக்காவுன் இருந்தால் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அந்த முதலாளி உங்கள் பெயரில் முதன்முதலாகப் பணம் கட்டிய மாதம் அதில் இருக்கும். சேர்ந்த தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பதிவும் அப்படித்தான்.

கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு கட்டாயம் வேண்டும். ஏன் 12 என்று பிறகு சொல்கிறேன். மீதி இருக்கும் ஆண்டு லீவு, வீட்டு எண், மருத்துவ அட்டை, தனி அலவன்ஸ் ஏதாவது வாங்கினால் அதன் சீட்டு, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். தண்ணீரில் விழும் கைப்பேசிகள் தோட்டத்தில் அதிகம்.

ஏழு நாள்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த ஒரு விதிமுறை இருக்கிறது. வேலை நிறுத்தப்படும்போதும் தற்காலிகமாக வேலை இல்லாமல் போகும்போதும் கிடைக்கும் நஷ்டஈட்டைப் பற்றியது. அதில் வியாபாரம் கைமாறுவதைப் பற்றி ஒரு தனிப் பகுதி உண்டு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதானால் அதைச் செய்யுங்கள்.

கைமாறிய ஏழு நாளுக்குள் புது முதலாளி உங்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்ல வேண்டும். அந்த வேலையின் நிபந்தனைகள் பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இங்கிருந்து பாதை மூன்றாகப் பிரிகிறது.

புது முதலாளி சரியான வேலையைக் கொடுக்கிறார், நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். அப்போது நஷ்டஈடு இல்லை. ஆனால் பழைய முதலாளியிடம் உழைத்த வருடங்கள் எல்லாம் புது முதலாளியிடம் உழைத்ததாகவே அந்தக் கணக்கில் சேரும், நடுவில் அறுந்ததாக ஆகாது. நாளைக்கு இவரும் உங்களை நிறுத்தினால் முதல் நாளிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

புது முதலாளி சரியான வேலையைக் கொடுக்கிறார், நீங்கள் நியாயமான காரணம் இல்லாமல் வேண்டாம் என்கிறீர்கள். நஷ்டஈடு போச்சு. "பழைய துரைகிட்டதான் வேலை செய்வேன்" என்பது காரணம் ஆகாது. கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களை எனக்குத் தெரியும், வெறுங்கையோடு போனார்கள்.

மூன்றாவது, ஏழு நாளில் வேலை கொடுக்கவில்லை, அல்லது குறைந்த நிபந்தனையில் கொடுக்கிறார். அப்போது சட்டத்தின் பார்வையில் உங்கள் வேலை நிறுத்தப்பட்டதாகவே அர்த்தம். நஷ்டஈட்டுக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. பழையவர் "நான் வித்துட்டேன், அவர்கிட்ட கேளு" என்பார். புதியவர் "நீ அவர் ஆளு, அவர்கிட்ட கேளு" என்பார். பந்தை இப்படித் தட்டிவிடுவது வழக்கம்தான். இருவரில் யாரிடமும் முழுப் பணத்தையும் கேட்கலாம், இருவர் மேலும் ஒன்றாகப் புகார் கொடுப்பது இன்னும் நல்லது.

"குறைவாக இருக்கக் கூடாது" என்பதை எப்படி அளப்பது? இங்கேதான் தகராறு வரும். அடிப்படைச் சம்பளத்தைக் காட்டி, "பாருங்க, அதே 1,700 வெள்ளிதான்" என்பார்கள். 2025லிருந்து 1,700 வெள்ளி நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம், அதைக் கொடுப்பது தயவு இல்லை. நீங்கள் மற்றதைப் பாருங்கள். குலை வெட்டுபவருக்கு டன்னுக்கு எவ்வளவு? உதிரிப்பழம் பொறுக்குபவருக்கு மூட்டைக்கு எவ்வளவு? அரிவாள், தள்ளுவண்டி யார் செலவு? வீட்டுக்குத் தண்ணீர், கரண்ட் காசு பிடிக்கிறார்களா? முன்பு எட்டு மணி நேரம், இப்போது ஒன்பதா? வேலை இதே தோட்டத்திலா, 80 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தோட்டத்திலா?

ஆண்டு லீவைக் குறிப்பாகப் பாருங்கள். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சர்வீஸுக்கு 8 நாள், ஐந்து வருடம் ஆனால் 16 நாள் என்பது சட்டம். கடிதத்தில் 8 நாள் என்று இருந்தால், உங்களைப் புது ஆளாக எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். "மூன்று மாதத் தகுதிகாண் காலம்", மலாயில் 'தெம்போ பெர்ச்சுபாஆன்' என்று இருந்தாலும் அதே கதைதான். 15 வருடம் குலை வெட்டியவரைச் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது? நிரந்தர வேலையை இரண்டு வருட ஒப்பந்தமாக மாற்றுவதும் இந்த வகைதான்.

ஆக, புதுக் கடிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: முன்னைய சர்வீஸ் இந்தத் தேதியிலிருந்து ஏற்றுக்கொள்ளப்படுகிறது, தேதி இது என்று. 'பெர்கிட்மாத்தான் தெர்டாஹுலு டிஇக்திராஃப்' என்று மலாயில் இருக்கும். நஷ்டஈட்டுக் கணக்குக்கு அந்த வரி இல்லாவிட்டாலும் சட்டம் காப்பாற்றும். லீவு, மருத்துவ லீவு, மற்ற சலுகைகளில் சண்டை வராமலிருக்க அந்த வரிதான் வேண்டும்.

வாய்ச்சொல்லில் "வாங்க வாங்க, வேலை இருக்கு" என்றால் சந்தோஷம், ஆனால் கடிதம் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, கேட்பதில் வெட்கம் எதற்கு?

கணக்குப் போடுவோம்

12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்குத்தான் இந்த நஷ்டஈடு. இரண்டு வருடத்துக்குக் குறைந்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் கூலி. இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் 20 நாள். முடியாத வருடத்துக்கு மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் கூலி என்பது கடைசி 12 மாதத்தின் சராசரி. 12 மாதம் வாங்கியதைக் கூட்டி 365ஆல் வகுப்பது வழக்கம். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான். டன்னுக்குக் கூலி வாங்குபவருக்கு ஒரு மாதம் 2,600 வரும், காய்ப்பு குறைந்த மாதத்தில் அடிப்படைச் சம்பளத்தோடு நிற்கும். பால்மரம் என்றால் இலை உதிரும் மாதங்களில் கைக்கு ஒன்றும் நிற்காது. குறைந்த மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட அவர்களுக்கு அனுமதி இல்லை.

உதாரணத்துக்கு, ஒரு அம்மா சராசரியாக மாதம் 1,900 வெள்ளி வாங்குகிறார். வருடத்துக்கு 22,800. 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 62 வெள்ளி 47 காசு. அவருக்கு 14 வருடம் 6 மாதம் சர்வீஸ். வருடத்துக்கு 20 நாள் என்றால் 290 நாள். 18,115 வெள்ளி வருகிறது.

இதே அம்மா புது முதலாளியிடம் தொடர்கிறார் என்று வைப்போம். ஒன்றரை வருடம் கழித்து அவர் ஆளைக் குறைக்கிறார். சர்வீஸ் தொடர்ந்திருந்தால் 16 வருடத்துக்கு 320 நாள், கிட்டத்தட்ட 19,989 வெள்ளி. அவரைப் புது ஆளாக எண்ணியிருந்தால் ஒன்றரை வருடத்துக்கு 15 நாள், 937 வெள்ளி. தாளில் ஒரு தேதி மாறியதற்கு விலை 19,000 வெள்ளி. என் அப்பா அந்த சனிக்கிழமை என்ன இழந்தார் என்பதை ரொம்ப நாள் கழித்து இப்படித்தான் பென்சிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பணம் வேலை நின்ற ஏழு நாளுக்குள் வர வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு தொகையை மட்டும் சொல்லி உறையை நீட்டினால் கணக்கைக் கேளுங்கள்.

இதற்கு மேல் நோட்டீஸ் தனி. இரண்டு வருடத்துக்குள் 4 வாரம், ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். ஆட்குறைப்புக்கும் வியாபாரம் கைமாறுவதால் நிறுத்துவதற்கும் இதைவிடக் குறைந்த நோட்டீஸ் செல்லாது. நோட்டீஸ் தராமல் உடனே போகச் சொன்னால் அத்தனை வாரக் கூலியையும் கையில் தர வேண்டும். நோட்டீஸ் பணமும் நஷ்டஈடும் ஒன்றல்ல, இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தொகையாகக் காட்டுவது பழைய தந்திரம். எடுக்காத லீவுக்கான பணமும், கடைசி மாதச் சம்பளமும், அதற்கான இபிஎஃப்பும் இதில் சேராது, தனித்தனியாக வர வேண்டும். இபிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும், பாருங்கள்.

மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கும், உடலுழைப்பு வேலையில் இல்லாத ஊழியருக்கு 2023லிருந்து வேலைச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தும், ஆனால் இந்த நஷ்டஈட்டு விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தையும் சங்க உடன்படிக்கையையும் பார்க்க வேண்டும். சபா, சரவாக்கில் இருப்பவர்களுக்கு அங்கங்கே தனிச் சட்டம்.

கையெழுத்துக்கு முன்

தாளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். "இப்பவே வைக்கணும், லாரி நிக்குது" என்று அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். நல்ல காரியத்துக்கு ஒரு ராத்திரி தாமதம் தாங்கும்.

மலாய்ச் சொற்களில் சிலதைப் பழகிக்கொள்ளுங்கள். 'பெனாமத்தான்' என்றால் முதலாளி வேலையை நிறுத்துகிறார். 'பெலத்தாக்கான் ஜவாத்தான்' என்றால் நீங்களாக வேலையை விடுகிறீர்கள். 'செச்சாரா சுகரேலா' என்றால் விருப்பப்பட்டு. நீங்களாக வேலையை விட்டால் நஷ்டஈடு கிடையாது. ஆகவே முதல் சொல்லுக்குப் பதில் இரண்டாவது சொல் இருக்கும் தாளில் கையெழுத்து வைப்பது 18,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியும் பணத்தைக் கணக்குப் பார்த்து வாங்கும் வரைக்கும் வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது, யார் கேட்டாலும். மண்டோர் உறவுக்காரராக இருந்தாலும்.

வேறு வழியில்லாமல் கையெழுத்து வைக்க வேண்டி வந்தால் பக்கத்தில் 'டெங்கான் பந்தாஹான்' என்று உங்கள் கையால் எழுதி, தேதி போடுங்கள். ஆட்சேபத்தோடு வைக்கிறேன் என்று அர்த்தம். பிறகு படம் எடுங்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு இரண்டு மாதம் முன்பு திடீரென்று விளக்கம் கேட்கும் கடிதங்கள் பறக்கும். பத்து நிமிடத் தாமதத்துக்கு ஒன்று, பழுக்காத குலைக்கு ஒன்று. ஒழுங்கீனத்துக்காக முறையாக நீக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள், வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வராதீர்கள்.

வீடு

இதில் நல்ல செய்தி குறைவு. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலை போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். வேலையில் இருக்கும் வரை வீட்டின் தரத்துக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் இருக்கிறது, புது முதலாளிக்கும் அது உண்டு. ஆனால் ரிட்டயர் ஆன அப்பா அம்மாவோடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கும் பிள்ளைகள் பலர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. வேலைக் கடிதத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. அதனால் வீட்டுக் கணக்கைத் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் விற்பனைக்கு முன்பே, எல்லாக் குடும்பமும் சேர்ந்து. எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நில விஷயம். வேலைச் சட்டம் அங்கே உதவாது, அதற்குத் தனியாக நிர்வாகக் குழு உட்கார வேண்டும்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்யும் தம்பிகளும் இதைப் படிப்பீர்கள். உங்கள் வேலைப் பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரில்தான் இருக்கிறது. வியாபாரம் கைமாறினால் பெர்மிட் தானாக மாறாது. புது முதலாளி இமிகிரேஷனில் சரிசெய்யாமல் அவரிடம் வேலை செய்தால், பிடிபடுவது நீங்கள். என்ன செய்திருக்கிறார்கள் என்று தாளைக் காட்டச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைப் புது ஆபீஸில் "பத்திரமாக" வைத்துக்கொள்வதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது இந்த நாட்டில் குற்றம். சம்பளம், நோட்டீஸ், நஷ்டஈடு எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஆனால் ஆட்குறைப்பு வந்தால் அதே வேலையில் வெளிநாட்டுக்காரர்களை முதலில் நிறுத்திய பிறகுதான் உள்ளூர்க்காரர்களை நிறுத்தலாம் என்பதும் சட்டம். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது, எத்தனை நாளுக்குள்

தோட்டத்தில் சங்கம் இருந்தால் முதலில் அங்கே. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், தோட்ட முதலாளிகளின் சங்கமான மாப்பாவோடு செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கையில் உங்கள் தோட்டம் இருந்தால், அந்த உடன்படிக்கை வியாபாரத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. "நாங்க கையெழுத்து போடலையே" என்று புது முதலாளி தப்பிக்க முடியாது. சங்கத்தின் மேல் பலருக்கு மனத்தாங்கல் இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆனால் இந்த நேரத்தில் சந்தா ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள், கோபத்தைப் பிறகு காட்டலாம்.

நம் ஊர் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக நறுக்கித் திரும்பவும் விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். தொழிலாளி 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தைத் தானே வாங்கினார். இன்றைக்கு நாம் தோட்டம் வாங்கப் போவதில்லை, ஆனால் கூட்டமாகப் போனால் ஆபீஸ் கதவு சீக்கிரம் திறக்கும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பணப் பாக்கிக்கு லேபர் ஆபீஸ். நமக்கு ஈப்போ. கூலி, நோட்டீஸ், நஷ்டஈடு, லீவுப் பணம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் புகார். காசு கிடையாது, வக்கீல் தேவையில்லை, விசாரணையும் அங்கேயே நடக்கும். இன்னொரு விஷயம், ஆட்குறைப்பு செய்யப் போகும் முதலாளி 30 நாளுக்கு முன்பே லேபர் ஆபீஸில் ஆட்குறைப்பை அறிவிக்கும் பிகே பாரம் கொடுக்க வேண்டும். "எங்க தோட்டத்துக்கு பிகே பாரம் வந்திருக்கா?" என்று கேட்டாலே விஷயம் பாதி தெரிந்துவிடும்.

வேலையே திரும்ப வேண்டும், அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்றால் அது வேறு கதவு, தொழில் உறவு இலாகா. அதுவும் ஈப்போவில் இருக்கிறது. நிறுத்தப்பட்ட 60 நாளுக்குள் மனு போக வேண்டும். 61ஆவது நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். லேபர் ஆபீஸில் புகார் கொடுத்ததால் இந்த 60 நாள் நிற்காது, இரண்டும் தனித்தனி. இதைத் தெரியாமல் லேபர் ஆபீஸ் பதிலுக்குக் காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேலை போனவர்கள் சொக்சோ ஆபீஸில் வேலைக் காப்புறுதிப் பணத்துக்கும் மனு செய்யலாம், அதற்கும் 60 நாள்தான். சம்பளத்தில் மாதாமாதம் சில வெள்ளி பிடித்தார்களே, அதற்கான பலன் இது. புது வேலை தேடும் மாதங்களில் கொஞ்சம் கை கொடுக்கும்.

கடன் தாங்காமல் முதலாளி விழுந்து, கோர்ட் வழியாகச் சொத்து விற்கப்பட்டால், பாக்கி இருக்கும் சம்பளத்தில் நான்கு மாதம் வரை மற்றக் கடன்காரர்களுக்கு முன்னால் தொழிலாளிக்குப் போக வேண்டும். இப்படி நடந்தால் தாமதிக்காமல் லேபர் ஆபீஸுக்குச் சொல்லுங்கள், விற்ற பணம் பிரிந்து போன பிறகு துரத்துவது கஷ்டம்.

ஈப்போவுக்குப் போகும் நாளில் ஐசி (அடையாள அட்டை), 12 சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, புதுக் கடிதம், பழைய கம்பெனியும் புதுக் கம்பெனியும் இரண்டின் பெயர், பதிவு எண், விலாசம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். காலை பஸ்ஸில் போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் வரிசை நீளும். புகாரைக் கொடுத்ததும் உங்கள் நகலில் ஆபீஸ் சாப்பும் (முத்திரையும்) தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். மலாயில் எழுத வராது என்றால் டீக்கடைக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். திங்கட்கிழமை மட்டும் நான் இருக்க மாட்டேன், அன்றைக்குக் கடை லீவு.